எல்லாம் ஒரே லொறியில் போகும்போது எதற்குப் பிரிக்க வேண்டும்?

2024 மார்ச் 9, ஒரு வாசகரின் கேள்வி

கொழும்பில் உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கிறோம். காலையில் லொறி வருகிறது, இரண்டையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போகிறது. இதற்குள் மெதேன் வாயு, காலநிலை மாற்றம் என்று படம் வரைந்து வரச் சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வதைக்கிறார்கள். குப்பையில் இருந்து வரும் வாயுவால் உலகம் சூடாகிறது என்பது உண்மையா? இல்லை, மாடு ஏப்பம் விட்டால் கடல் பொங்கும் என்கிற மாதிரி இன்னொரு கதையா?

மார்ச் 9, இரவு

மாட்டின் ஏப்பமும் கதை இல்லை. மனிதரால் வெளியேறும் மெதேனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு விவசாயம், அதில் பெரும்பகுதி மாடும் வயலும். மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி. ஐந்தில் ஒரு பங்கு குப்பையும் கழிவுநீரும். நம் கை எட்டுவது அந்தக் கடைசிப் பங்குதான்.

லொறி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நானும் பால்கனியில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளவத்தையில் 22 வீடுகள் உள்ள மாடிக் குடியிருப்பு எங்களுடையது. மூன்று வருஷமாக அதன் பராமரிப்புக் குழுவுக்கு நான் செயலாளர், அதாவது தண்ணீர் மோட்டார் நின்றால் ஏச்சு வாங்கும் ஆள். பச்சை வாளி, செம்மஞ்சள் வாளி என்று நிறம் பார்த்து வாங்கி வைத்ததும் நான்தான். இரண்டும் ஒரே லொறிக்குள் கவிழ்வதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

ஆனால் வாயு உண்மை. சோறு, மரக்கறித் தோல், மீன் செதில் எல்லாம் காற்றுப் பட உக்கினால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டுதான் வரும். அதையே மேலே மேலே கொட்டி மலையாக்கினால் உள்ளே ஒட்சிசன் போகாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியா வேறு. அவை போடும் வாயுவில் பாதி மெதேன். அது காபனீரொட்சைட்டை விட 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்.

இதை இப்போது மேலே இருந்தே பார்க்கிறார்கள். 2021 ஏப்ரலில் டாக்காவின் மாத்துவாயில் குப்பைமேட்டில் மணிக்கு 4 தொன் மெதேன் வெளியேறியதை ஒரு செய்மதி கண்டுபிடித்தது. இந்த வாரமும் மெதேனைத் தேடுவதற்கென்றே ஒரு செய்மதியை அனுப்பியிருக்கிறார்கள். நாம் வாளிக்கு மூடி தேடிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 10

80 என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அது 20 வருஷக் கணக்கு. 100 வருஷத்துக்குப் பார்த்தால் 28 மடங்கு அளவில் நிற்கும். வித்தியாசம் ஏன் என்றால், மெதேன் வானத்தில் 12 வருஷம் போலத்தான் தங்கும், பிறகு சிதைந்துவிடும். காபனீரொட்சைட்டு அப்படி இல்லை, நூற்றாண்டுக் கணக்கில் குந்தியிருக்கும். ஆகவே மெதேனைக் குறைத்தால் பலனை நாங்களே உயிரோடு இருந்து பார்க்கலாம்.

இன்னொருவர் அது மெதேனா மீத்தேனா என்று கேட்டிருக்கிறார். எங்கள் பாடப்புத்தகத்தில் மெதேன், தமிழ்நாட்டில் மீத்தேன். அங்கே அந்தச் சொல்லைச் சொன்னாலே தஞ்சாவூர் வயலுக்குள் குழாய் இறக்க வந்த கதைதான் நினைவுக்கு வரும். இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் காலமானதும் அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான். மண்ணுக்குள் இருந்ததைத் தோண்டி எடுக்க வந்தவர்களோடு அங்கே சண்டை. இங்கே நாங்களே சமைத்து, மிச்சத்தைப் புதைத்து, வாயு செய்கிறோம்.

மார்ச் 17

"22 வீட்டுக் குப்பையால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று கேட்டீர்கள் அல்லவா. நிறுத்துப் பார்த்தேன்.

தராசுக்கு அலையவில்லை. வெள்ளவத்தையில் தராசு இல்லாத வீடு எது? கனடாவுக்கும் லண்டனுக்கும் பெட்டி கட்டும்போது கொழுக்கியில் தூக்கிப் பார்க்கும் தராசு வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. ஞாயிறு தொடங்கிச் சனி வரை ஒவ்வொரு காலையும் ஈரக் குப்பைப் பைகளை அதில் தொங்கவிட்டேன். காவலாளி ஐயா ஒரு கொப்பியில் எழுதினார். அவர் ஹட்டன் பக்கம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இளமையைக் கழித்தவர், தராசு முள்ளை என்னைவிட நம்பாதவர். "மிஸ், பையோட நிறையக் கழிக்கணும்" என்று முதல்நாளே சொல்லிவிட்டார்.

ஒரு கிழமைக்கு 168 கிலோ. வருஷத்துக்கு 8.7 தொன். உணவுக் கழிவு ஒரு தொன் ஆழமான மேட்டில் காற்றில்லாமல் உக்கி முடிந்தால் மொத்தம் 50 கிலோ அளவில் மெதேன் வரும் என்பது கணக்குப் போடுபவர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு. அப்படிப் பார்த்தால் எங்கள் கட்டடத்தின் ஒரு வருஷச் சாப்பாட்டு மிச்சம் 437 கிலோ மெதேன். அடுப்பில் எரித்தால் வரும் சூட்டை வைத்து ஒப்பிட்டால், 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 38.

38 சிலிண்டர்! 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு சிலிண்டருக்கு நாங்கள் என்ன பாடுபட்டோம். காலி சிலிண்டரைச் சங்கிலியால் மற்றவர்களின் சிலிண்டரோடு பூட்டிவிட்டு, குடைக்குக் கீழே நாள் முழுக்கக் கதிரை போட்டு இருந்தோம். நான்காம் மாடி அன்ரி பால்கனியில் மூன்று கல் வைத்துத் தேங்காய்ச் சிரட்டை எரித்துப் பால் காய்ச்சினார். அந்த நாட்களிலும் எங்கள் குப்பை லொறி வாரத்தில் முக்கால் சிலிண்டர் வாயுவுக்கான மூலப்பொருளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, டீசல் கிடைத்த நாளில்.

மார்ச் 18

38 இல்லை. மன்னிக்கவும்.

கொப்பியைத் திரும்பப் பார்த்தபோது ஐயா ஓரத்தில் சின்ன எழுத்தில் "இளநீர்" என்று மூன்று நாள் எழுதி வைத்திருக்கிறார். இளநீர்க் கோம்பை சாப்பாடு இல்லை, உக்குவதற்கு வருஷக் கணக்கு எடுக்கும். அந்த வாய்ப்பாடு அதற்குப் பொருந்தாது. அதைவிட மோசம், யாரோ தயிர்ச் சட்டிகளைச் சோற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மண் சட்டி. அது மெதேன் விடாது, தராசை மட்டும் இழுக்கும். அவற்றைக் கழித்தால் 131 கிலோ. வருஷத்துக்கு 6.8 தொன், மெதேன் 340 கிலோ, சிலிண்டர் 29 அல்லது 30.

அதுவும் சின்னத் தொகை இல்லை.

ஏப்ரல் 14

நேற்றுப் புதுவருஷம். இன்றைய திகதியில் எனக்கு வேறு ஞாபகம்.

2017 ஏப்ரல் 14, புதுவருஷமும் பெரிய வெள்ளியும் ஒன்றாக வந்த நாள். பிற்பகலில் கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லை குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள் என்பது கணக்கு, உடல் கிடைக்காதவர்கள் வேறு. பலகாரத் தட்டு மேசையில் இருந்த நேரம். உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்துத்தான் மேடு சரிந்தது.

எனக்கு இது செய்தி மட்டும் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. புளூமெண்டல் குப்பைமேடு எங்களுக்குச் சூரியன் உதிக்கும் பக்கம். தொண்ணூறுகளில் மேட்டில் எங்காவது ஓரிடத்தில் புகை வந்துகொண்டே இருக்கும், மழையிலும் வரும். நெருப்பு வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அப்பா பின்னேரம் ஐந்து மணிக்கு யன்னலைச் சாத்துவார். காற்று அப்போதுதான் திரும்பும். அண்ணா பட்டம் விட்டு அறுந்தால் மேட்டில் போய் விழும், எடுக்கப் போகக் கூடாது என்று அம்மாவின் சட்டம். மேட்டடியில் இருந்து வந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். அவள் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதை இங்கே எழுதுவதால் ஒன்றும் சரியாகிவிடாது.

2009இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டோடு புளூமெண்டலில் கொட்டுவது நின்றது. எங்கள் தெருவில் சந்தோஷம். குப்பை எங்கே போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அது மீதொட்டமுல்லைக்குப் போனது. எட்டு வருஷத்தில் அங்கே மலையாகிச் சரிந்தது. கொழும்பின் கழிவுக் கொள்கை என்று ஒன்று இருந்திருந்தால் அது ஒரே வரிதான்: அடுத்த ஏழைகளின் வாசல் எது?

ஏப்ரல் 15

ஒருவர் கோபத்தோடு திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி, நான் எழுதியது பிழை. மீதொட்டமுல்லை வாயு வெடித்துச் சரியவில்லை. சதுப்பு நிலத்தின் மேல் ஏற்றிய மேடு அது. கீழே இருந்தது பஞ்சு மாதிரியான கரிமண். மேலே பாரம் ஏற ஏற, மழைத் தண்ணீரும் ஊற ஊற, அடிமண் தாங்காமல் விலகியது. மேடு அமிழ்ந்து பக்கவாட்டில் நழுவியது. வாயு வெடித்தது என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேசியதை ஏழு வருஷமாக நானும் காவிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் இந்தக் கேள்விபதில் இழைக்கும் மீதொட்டமுல்லைக்கும் சம்பந்தம் இல்லையா என்று கேட்கிறார். இருக்கிறது. நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம், அதாவது சாப்பாடும் இலையும். மேட்டைப் பாரமாக்குவதும் ஊற வைப்பதும் அதுதான், உள்ளே மெதேன் போடுவதும் அதுதான். ஈரம் அங்கே போகாமல் இருந்திருந்தால் இரண்டுமே பெருமளவு குறைந்திருக்கும்.

மே 5

"இப்போதுதான் கெரவலப்பிட்டி ஆலையில் குப்பையை எரிக்கிறார்களே, மெதேன் பிரச்சினை முடிந்ததே" என்பவருக்கு.

பாதி முடிந்தது. 2021இல் தொடங்கிய அந்த ஆலை நாளொன்றுக்கு அறுநூறு எழுநூறு தொன் எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் கணக்கில் கட்டியது. எரித்தால் மெதேன் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈர விறகில் அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீரைக் காய்ச்சுவதற்கே சூட்டில் கணிசமான பங்கு போய்விடும். எங்கள் சோற்றுப் பை கடதாசியோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்ந்து போனால் ஆலைக்கும் நட்டம், கூட்டெருவுக்கும் நட்டம். அதோடு அப்படி ஒன்றைக் கட்டிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். குப்பையைக் குறைக்கச் சொல்லும் கையும் குப்பை கேட்கும் வாயும் ஒரே உடம்பில்.

மற்றது புத்தளம் அறுவைக்காடு. பழைய சுண்ணாம்புக்கல் அகழிகளில், கொழும்பில் இருந்து சுமார் 170 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுபோய்ப் புதைக்கும் திட்டம். 2018, 2019இல் புத்தளத்து மக்கள் தெருவில் நின்றார்கள். உப்பளம், களப்பு, பக்கத்தில் வில்பத்து, இவற்றுக்கு நடுவில் தலைநகரத்தின் சாப்பாட்டு மிச்சம். பழைய திறந்த மேட்டை விட, அடியில் விரிப்புப் போட்டுக் கசிவு நீரைப் பிடிக்கும் குழி மேலானது என்பது உண்மை. ஆனால் நன்றாக மூடிய குழியில்தான் காற்று இன்னும் குறைவு. குழாய் போட்டு வாயுவை எடுக்காவிட்டால் அங்கே மெதேன் கூடத்தான் செய்யும். ரயிலில் ஏற்றியதால் சோறு பிளாஸ்டிக் ஆகிவிடாது.

மே 25

வெசாக் முடிந்தது. காலிக்குப் போகும் பெரிய வீதியில் வரிசையாகத் தன்சல், அதாவது பௌத்தர்கள் போடும் இலவசச் சாப்பாட்டுப் பந்தல். சோறு, கடலை, ஐஸ்கிறீம், கொத்தமல்லித் தண்ணி. நானும் மகனும் மூன்று இடத்தில் சாப்பிட்டோம், குறை சொல்ல வாயில்லை. மறுநாள் காலை மதில் ஓரமெல்லாம் பாதி தின்ற சோறு. நம்மவர்களைச் சொல்லாமல் விட்டால் அது பக்கச்சார்பு. கோயில் அன்னதானத்தில் வாழை இலையோடு சேர்த்து எத்தனை கிலோ சாம்பார் சோறு வாளிக்குப் போகிறது என்று ஆடிவேல் திருவிழாவுக்கு நிறுத்துப் பார்க்கச் சொல்லி ஐயா கேட்கிறார். அவருக்குத் தராசுப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சட்டம் போட்டால் திருந்துவார்களா என்று கேட்டிருந்தீர்கள். பொலித்தீனைப் பாருங்கள். 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட் தடை. சாப்பாட்டுக் கடையில் இன்றைக்கும் சோற்றுப் பார்சலை எதில் சுற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் உறிஞ்சு குழாய், கோப்பை, தட்டு என்று தடைப்பட்டியல் நீண்டது. அதில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது! என் மாமியார் அதை ஒருமுறை பாவித்து எறிந்ததாக யாரும் சொல்ல முடியாது. 1998இல் வாங்கியது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. வர்த்தமானி வந்த அன்று, "என்னைப் பிடிப்பாங்களா பிள்ளை?" என்று கேட்டார்.

ஒரே இரவில் போடும் சட்டத்தின் உச்சம் 2021இல் இரசாயன உரத் தடை. ஏப்ரலில் தடை, நவம்பரில் வாபஸ். இடையில் விவசாயி செத்தான். அந்த ஏழு மாதமும் கொழும்பின் ஈரக் குப்பைக்கு வரலாற்றில் காணாத மரியாதை. கூட்டெரு என்றால் பொன். நானும் மாடித் தோட்டத்துக்கு ஒரு மூட்டை வாங்கினேன். உள்ளே பல்ப் கண்ணாடி, ஷம்பு பைக்கற், ஒரு பொம்மையின் கால். கலந்து எடுத்த குப்பையைக் கடைசியில் எவ்வளவு சலித்தாலும் இப்படித்தான். பிரிப்பது சமையலறையில் நடந்தால் தான் உண்டு.

ஜூன் 8

மழை. வெள்ளம். என் தோல்வியையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் மொட்டைமாடியில் இரண்டு கூட்டெருத் தொட்டி வைத்தோம். "வீட்டிலேயே உக்க வைத்தால் மெதேன் பூச்சியம்" என்று மின்தூக்கிக்குள் நோட்டீசும் ஒட்டினேன். முதல் மாதம் அருமை. மழை தொடங்கியதும் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. கிளறும் முறை யாருடையது என்பதில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், புழு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். காற்று இல்லை என்றால்? ஆம், நானே மொட்டைமாடியில் ஒரு சின்ன மீதொட்டமுல்லை கட்டியிருக்கிறேன். நோட்டீசைக் கிழித்துவிட்டேன்.

மெதேனுக்கு நாற்றம் கிடையாது. நாறுவது கூட வரும் மற்ற வாயுக்கள். ஆகவே நாறாவிட்டால் மெதேன் இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

மரத்தூளும் காய்ந்த இலையும் பாதிக்குப் பாதி போட்டு, தினமும் கிளறினால் சரிவரும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். கொழும்பு ஆறில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? கோயில் வீதியில் கூட்டுகிற அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 9

உயிர்வாயு ஏன் செய்யக் கூடாது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். மெதேனை வேண்டுமென்றே வரவழைத்து அடுப்பில் எரித்துவிடுவதுதான் அது. ஏகலவில் இருக்கும் நேர்ட் என்ற அரச பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வைக்கோலைக் கூட உலர் முறையில் அடைத்து வாயு எடுக்கும் தொட்டியைப் பல வருஷத்துக்கு முன்பே வடிவமைத்தது. தனி வீடு, தோட்டம், இரண்டு மாடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 22 வீடு, ஒரு மொட்டைமாடி, பேசாத இரண்டு மாடிகள் என்றால் நான் துணிய மாட்டேன். கசிந்தால் எரிப்பதை விடக் கேடு.

ஜூன் 16

இழையை விட்டு விலகுகிறேன், பரவாயில்லை.

அத்தான் கிளிநொச்சியில் வயல் செய்கிறார். தொலைபேசியில் என் குப்பைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "உங்கட வாளியை விடு, எங்கட வயல்ல நிக்கிற தண்ணிக்குள்ளயும் அதே வாயுதான்" என்றார். அது உண்மை. நிறைதண்ணீர் நிற்கும் வயலில் சேற்றுக்குள் காற்றுப் போகாது, குப்பைமேட்டுக் கதையேதான். தண்ணீரை வடியவிட்டு, மண் கொஞ்சம் வெடிக்கத் தொடங்கும்போது மறுபடி கட்டினால் மெதேன் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை குறைகிறது, விளைச்சலும் அவ்வளவாகக் குறைவதில்லை. இதை உலகமெல்லாம் புதுமுறை என்று பயிற்சிப் பட்டறை வைக்கிறார்கள். நம் கிழவர்கள் இதற்கு வைத்த பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். கேட்ட நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் விவசாயி வயலைக் காயவிடுவான் என்றார் அத்தான். வராது என்று தெரிந்தால் கிடைக்கும்போதே நிரப்பி வைப்பான்.

எனக்கு அது லொறியை நினைவுபடுத்தியது. வரும் என்று நம்பினால்தான் வாளியைப் பிரித்து வைப்பேன்.

ஜூலை 21

முன்பு ஒருவருக்குத் தனியாக எழுதியதில் "பிரிக்காத வீட்டுக்குத் தண்டப்பணம் போட வேண்டும், அப்போதுதான் திருந்தும்" என்று சொல்லியிருந்தேன். அவர் அதை இங்கே எடுத்துப் போட்டுவிட்டார். சரி, மறைக்கவில்லை. ஆனால் இப்போது அந்தக் கட்சியில் நான் இல்லை.

தண்டப்பணம் என்றதும் எல்லோரும் தென்கொரியாவைச் சொல்கிறார்கள். அங்கே சோல் நகரத்துக்கு நான்ஜிதோ என்று ஒரு குப்பைமலை இருந்தது. 1978 முதல் 1993 வரை கொட்டி, தொண்ணூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அதை மூடி, வாயுவைக் குழாயில் இழுத்து வீடுகளைச் சூடாக்க எரித்து, 2002இல் பூங்காவாக்கினார்கள். 2005இல் சாப்பாட்டுக் கழிவைப் புதைப்பதையே தடை செய்தார்கள். பிறகுதான் நிறைக்கேற்ற கட்டணம், அட்டை காட்டினால் திறந்து நிறுக்கும் தொட்டி எல்லாம். இப்போது சாப்பாட்டுக் கழிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தீவனமாகவோ எருவாகவோ வாயுவாகவோ திரும்புகிறது. இதில் நிறை பார்த்துக் காசு வாங்குவது கடைசியில்தான் வருகிறது. எடுத்துப் போக வாகனமும் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் முதலில்.

ஐரோப்பாவும் அப்படித்தான். 1999இல் போட்ட சட்டம், புதைகுழிக்குப் போகும் உக்கும் குப்பையை 1995இல் இருந்த அளவில் 75 வீதம், பிறகு 50, பிறகு 35 என்று படி வைத்துக் குறைக்கச் சொன்னது. கட்டாயம் அரசுகளுக்கு. எப்படிச் செய்வது என்பது அவரவர் பாடு. இந்த வருஷம் மே மாதம் அவர்கள் ஏற்றுக்கொண்ட புது மெதேன் சட்டமோ எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக்கு மட்டும். குழாயில் கசிவு தேடு, கண்டால் அடை என்கிறது. குப்பையும் வயலும் அதில் இல்லை. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் எடுத்த உறுதிமொழி 2030க்குள் மெதேனை 30 வீதம் குறைப்போம் என்றது, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. மீறினால் கேட்க ஆள் இல்லை. இந்தியாவும் சீனாவும் சேரவே இல்லை.

ஆகவே இப்போது நான் கேட்பது வேறு. பிரித்து வைத்த குப்பையைக் கலந்து ஏற்றுவது எடுப்பவரின் குற்றமாக இருக்கட்டும். ஈரம் எத்தனை தொன் தனியாக வந்தது என்று ஒவ்வொரு நாளும் லொறியை நிறுக்கும் நிறைப்பாலத்தில் பதிந்து வெளியே ஒட்டட்டும். பெரிய ஹோட்டல், கல்யாண மண்டபம், சுப்பர்மார்க்கெட், மொத்தச் சந்தை, இவற்றை முதலில் கட்டாயப்படுத்தட்டும். மனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்த காலத்தில் ஒரு காலையில் வீதியில் மிதிபட்ட கோவா இலையைப் பார்த்தவர்கள் எங்கள் 22 வீட்டைப் பெரிய குற்றவாளி என்று சொல்ல மாட்டார்கள். இவை நடந்து ஒரு வருஷம் போன பிறகு எனக்குத் தண்டம் போடுங்கள், கட்டுகிறேன்.

ஜூலை 28

லொறியில் வருபவர்களோடு கடைசியில் பேசினேன். ஐந்து மாதம் முன்பே செய்திருக்க வேண்டும், வெட்கம்தான். மட்டக்குளித் தம்பி ஒருவர், கையுறை ஒரு கைக்கு மட்டும். ஏன் கலக்கிறீர்கள் என்று நான் தொடங்கவும், "அக்கா, லொறிக்குள்ள நடுவில சுவர் இல்லையே" என்றார். பிரித்த பை, பிரிக்காத பை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசலில் வைத்தால் அவரால் என்ன செய்ய முடியும்? "ஒரு நாளைக்கு ஒண்டு மட்டும் வையுங்கோ. ரோட்டில எல்லாரும் அப்பிடி வைச்சா நாங்கள் கலக்க ஏலாது, கலக்க வேற ஒண்டும் இராது."

இத்தனை செய்மதி, இத்தனை வாய்ப்பாடு, இத்தனை நிற வாளி. நாட்களைப் பிரித்தால் போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஐந்து கட்டடம். நான்கு சம்மதம். செவ்வாயும் வெள்ளியும் ஈரம் மட்டும் என்று மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான்காம் மாடி அன்ரி மட்டும், "சனிக்கிழமை வாங்கிற மீன் தலையைச் செவ்வாய் வரைக்கும் பிரிட்ஜில வைச்சுப் பூசை செய்யிறதோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஈரத்துக்கு மூன்று நாள் வேண்டும்.

ஆகஸ்ட் 18

மூன்று நாள் கிடைத்தது. ஞாயிறும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவது குப்பை லொறி இல்லை. வத்தளைப் பக்கம் பன்றி வளர்க்கும் ஒருவர், ஏற்கெனவே இங்குள்ள இரண்டு சாப்பாட்டுக் கடைகளின் மிச்சத்தை எடுப்பவர், எங்கள் வாளியையும் எடுத்துக்கொள்கிறார். எலுமிச்சைத் தோலும் தேயிலையும் போடக் கூடாது என்று நிபந்தனை. அவருடைய பன்றிகளுக்கு எங்களைவிட நாக்கு ருசி.

போன செவ்வாய் லொறிக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் ஏற்றிய வரைக்கும் ஈரம் மட்டும். அடுத்த ஒழுங்கையில் என்ன நடந்தது என்று பின்னால் ஓடிப் பார்க்கவில்லை. தம்பிக்கு இரண்டு கைக்கும் கையுறை வாங்கிக் கொடுத்தோம்.

முதலில் கேள்வி கேட்டவர் தங்கள் ஒழுங்கையிலும் செய்யலாமா என்று கேட்கிறார். செய்யுங்கள். மூடியுள்ள வாளியாக வாங்குங்கள், மூடிக்கு மேல் கல் வையுங்கள், பூனைகள் கெட்டிக்காரப் பூனைகள். கிழமைக்கு ஒருமுறையாவது நிறுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். எங்கள் ஐயா இந்தக் கிழமைக் கணக்கை முடித்துவிட்டார். 127 கிலோ. அதில் தயிர்ச் சட்டி இன்னும் இருக்கிறது. எந்த மாடி என்று அவருக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார்.